பத்து மாடு வைத்திருப்பவர் பொலிகாளையும் கிடாரியும் விற்பது எப்படி

கறவைக்கு மாடு வாங்க வருபவருக்குக் காட்ட உங்களிடம் பால் இருக்கிறது. காலையில் வரச் சொல்லி, அவர் கண் முன்னாலேயே கறந்து அளந்து காட்டிவிட்டால் பேரம் பாதி முடிந்த மாதிரி. இனவிருத்திக்கு வாங்க வருபவரின் நிலைமை வேறு. அவர் காசு கொடுப்பது இன்னும் பிறக்காத கன்றுகளுக்கு. காளை எவ்வளவு கம்பீரமாக நின்றாலும் அதன் கன்று எப்படி இருக்கும் என்பது அதன் முகத்தில் எழுதியிருக்காது. அதனால் அவர் உங்கள் நோட்டைப் பார்ப்பார், நோட்டு இல்லையென்றால் உங்கள் பேச்சைப் பார்ப்பார், பேச்சிலும் நம்பிக்கை வராவிட்டால் கறிவிலைக்குக் கேட்பார். நல்ல மாட்டை வைத்துக்கொண்டே பலர் மாட்டிக்கொள்வது இந்த மூன்றாவது இடத்தில்தான்.

பெரிய பண்ணைகளோடு எண்ணிக்கையில் நாம் போட்டி போட முடியாது. ஆனால் இருநூறு மாடு வைத்திருப்பவருக்குத் தெரியாத பல விஷயங்கள் நமக்குத் தெரியும். இந்தக் கிடாரி பிறந்தபோது தாய் எவ்வளவு நேரம் முக்கியது, தண்ணீர்த் தொட்டியில் எது மற்றதை முட்டும், எது முதல் ஊசியிலேயே சினை பிடித்தது என்று எல்லாம் தலைக்குள் இருக்கும். தலைக்குள் இருந்தால் பயனில்லை, எழுதி வைத்தால்தான் அது விலையாக மாறும்.

எதை விற்கக் கூடாது

விற்பனையைப் பற்றிப் பேச வந்துவிட்டு விற்காததில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பெயர் கெடுவது இங்கேதான். பிறக்கும் காளைக் கன்றுகளை எல்லாம் பொலிகாளை என்று விற்க ஆசை வரும், காயடித்ததைவிட விலை கூட வருமே என்று. வேண்டாம். ஒரு காளை வருடத்துக்கு 25 கன்று என்று நான்கு வருடம் வேலை செய்தால் 100 கன்று. குளம்பு கோணலோ, முரட்டுக் குணமோ, தாயின் தொங்கிய மடியோ அந்த நூறில் எத்தனைக்குப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். பிறந்த காளைக் கன்றுகளில் மேலே நிற்கும் சிலவற்றை மட்டும் காளையாக வைத்துக்கொண்டு மற்றதைக் காயடித்து விடுவது நல்லது. வாங்க வருபவர் "மற்ற கன்றுகள் எங்கே?" என்று கேட்பார், கேட்க வேண்டும். "தேறவில்லை, காயடித்துவிட்டேன்" என்ற பதிலைக் கேட்டதும் முகத்தில் நம்பிக்கை வருவதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது இரட்டைக் கன்று. ஆரம்ப காலத்தில் நான் வாங்கிக் கட்டிக்கொண்ட பாடம் இது. இரட்டையில் பிறந்த கிடாரி, கூடப் பிறந்தது காளை. அழகாக வளர்ந்தது, நல்ல விலைக்குப் போனது, ஒரு வருடம் கழித்து வாங்கியவர் வந்து "இது பருவத்துக்கே வரவில்லை" என்றார். வரவும் வராது. கருவில் இரண்டின் ரத்த ஓட்டமும் ஒன்று கலப்பதால் பெண் கன்றின் உறுப்புகள் சரியாக வளர்வதில்லை, இப்படிக் காளையோடு பிறக்கும் கிடாரிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் மலடு. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், வண்டிக் கூலியையும் சேர்த்து. இப்போது இரட்டை என்றால் நோட்டில் சிவப்பு மையில் எழுதுகிறேன். ரத்தத்தை மரபணுச் சோதனைக்குக் கொடுத்தால் கன்றிலேயே தெரிந்துவிடும், அதற்கு மனமில்லையென்றால் இனவிருத்திக்கு என்று சொல்லி விற்காதீர்கள்.

ஆளைக் கண்டால் தலையைத் தாழ்த்தி வரும் காளையையும் யாருக்கும் தள்ளிவிடாதீர்கள். குணமும் ஓரளவு வம்சத்தில் இறங்கும், அதைவிட முக்கியமாக அந்த வீட்டில் யாராவது உயிரை விடக்கூடும். அதற்குக் கறிக்கடை ஒன்றுதான் வழி.

நோட்டு

கணினியில் போட்டாலும் சரி, நாற்பது பக்க நோட்டில் எழுதினாலும் சரி. ஒரு மாட்டுக்கு ஒரு பக்கம். காது வில்லை எண், பிறந்த தேதி, தாய், தகப்பன், முடிந்தால் இரண்டு பக்கத்துப் பாட்டன் பாட்டி, பிறந்த எடை, தானாக ஈன்றதா இழுத்து எடுத்ததா, அப்புறம் ஒவ்வொரு முறை பருவத்துக்கு வந்த தேதி, ஊசி போட்ட தேதி, எந்தக் காளையின் விந்து, எத்தனையாவது ஊசியில் நின்றது, ஈன்ற தேதி. தடுப்பூசிகளும் வைத்தியமும் அதே பக்கத்தில். மடிநோய் வந்திருந்தால் அதையும் எழுதுங்கள், எந்தக் காம்பில் என்பது உட்பட. நல்லது மட்டுமே எழுதியிருக்கும் நோட்டை விவரம் தெரிந்தவர் நம்ப மாட்டார்.

தராசு இல்லாதவர்கள் எடைக்கு நாடா பயன்படுத்தலாம். முன்னங்காலை ஒட்டிப் பின்னால் நெஞ்சைச் சுற்றி எத்தனை சென்டிமீட்டர், தோள் முனையிலிருந்து பின் இடுப்பெலும்பு முனை வரை நீளம் எத்தனை என்று அளந்து, சுற்றளவை அதாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 10,840-ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோவில் எடை கிடைக்கும். 160 சுற்றளவு, 130 நீளம் என்றால் சுமார் 307 கிலோ. இது துல்லியமில்லை, ஆனால் மாதாமாதம் ஒரே கையால் ஒரே இடத்தில் அளந்தால் வளர்ச்சி நன்றாகத் தெரியும். கிடாரி விற்பவருக்கு இது அவசியம். அந்த இனத்தின் முழு வளர்ச்சி எடையில் 60 முதல் 65 சதவீதத்தைத் தொட்ட பிறகுதான் அதை முதன்முதலாகச் சினைக்கு விட வேண்டும், வாங்குபவர் கேட்கும் முதல் கணக்கும் அதுதான்.

பால் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. "தாய் இத்தனை லிட்டர்" என்று எல்லோரும் சொல்வது கன்று ஈன்ற ஆறு முதல் எட்டு வாரத்தில் வரும் உச்ச நாளின் கணக்கு. அந்த ஒரு நாளை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. 305 நாள் ஈத்துக் கணக்கை, அதாவது ஈன்றதிலிருந்து 305 நாளில் கறந்த மொத்தப் பாலைக் கொடுங்கள், தினமும் அளக்க முடியாவிட்டால் மாதம் ஒரு நாள் காலை மாலை இரண்டும் அளந்து எழுதுங்கள். எத்தனையாவது ஈத்து என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், முதல் ஈத்து மாட்டையும் நான்காம் ஈத்து மாட்டையும் ஒன்றாக வைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை.

வாய்க்கு வந்தபடி வாக்குக் கொடுக்கும் இன்னொரு இடம் உண்டு. "தாய் வருடம் ஒரு கன்று தவறாமல் போடும், மகளும் அப்படித்தான்" என்பார்கள். பாலில் உள்ள கொழுப்புச் சதவீதம் வம்சத்தில் நன்றாக இறங்கும், மாட்டுக்கு மாடு தெரியும் வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதி பரம்பரையால் வருவது. பாலின் அளவில் அது கால் பங்கு, கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கலாம். ஆனால் சினை பிடிக்கும் திறனில் பத்து சதவீதம்கூடத் தேறாது, மீதியெல்லாம் தீவனமும் பராமரிப்பும் பருவத்தைச் சரியாகக் கவனித்து ஊசி போட்டதும்தான். ஆகவே தாயின் ஈற்று இடைவெளியைக் காட்டுங்கள், மகளும் அப்படியே இருப்பாள் என்று உத்தரவாதம் தராதீர்கள்.

சோதனைச் சீட்டு

விற்பதற்கு முன் நீங்களே சோதனை செய்து வைத்திருப்பது செலவுதான். அதை விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தச் சோதனை கட்டாயம் என்பது நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். நான் எங்கிருந்தாலும் விடமாட்டேன் என்பது கருச்சிதைவை உண்டாக்கும் புருசெல்லோசிஸும் காசநோயும், இரண்டுமே மனிதருக்கும் தொற்றும். புருசெல்லோசிஸில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதற்கான எஸ் 19 தடுப்பூசியைக் கிடாரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் போடுவது வழக்கம், வயது கடந்து போட்டிருந்தால் பிற்பாடு ரத்தப் பரிசோதனை நோய் இருப்பது போலவே காட்டக்கூடும். தடுப்பூசித் தேதி நோட்டில் இல்லையென்றால் நல்ல கிடாரி சந்தேகத்தில் மாட்டிக்கொள்ளும். காளைக்கு இந்த ஊசி போடுவதில்லை.

பி.வி.டி. என்ற வைரஸ் நோயை நிறைய பேர் கண்டுகொள்வதில்லை. சினையின் முதல் நான்கு மாதத்துக்குள் தாய்க்குத் தொற்றினால், பிறக்கும் கன்று ஆயுள் முழுக்க வைரஸைக் கொட்டிக்கொண்டே இருக்கலாம், பார்வைக்குச் சாதாரணமாகவே இருந்தபடி. காதில் ஒரு சிறு துண்டு எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட ஒரு கன்றை விற்றால் வாங்கியவரின் மந்தை முழுவதிலும் கருச்சிதைவு கிளம்பும், காரணம் யார் என்பதும் ஊருக்குத் தெரிந்துவிடும்.

காளைக்குத் தனிப் பரிசோதனை உண்டு. மருத்துவர் கால், கண், பல், உறுப்பு எல்லாம் பார்த்து, விதைப்பையின் சுற்றளவை அளந்து, விந்தை நுண்ணோக்கியில் பார்த்துச் சான்று தருவார். உலகெங்கும் பரவலாகப் பின்பற்றும் அளவுகோலில் விந்தணுக்களில் குறைந்தது 30 சதவீதம் முன்னோக்கி நீந்த வேண்டும், 70 சதவீதம் உருவத்தில் சரியாக இருக்க வேண்டும். விதைப்பைச் சுற்றளவு 15 மாதம் வரை 30 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, இரண்டு வயது தாண்டினால் 34. இது ஐரோப்பிய இனங்களுக்கான கணக்கு. திமில் உள்ள இனங்கள் தாமதமாகவே பருவமடையும், அவற்றை இதே அளவில் வைத்துக் கழித்துவிடாதீர்கள்.

விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். ஆகவே சோதனை முடிந்த பிறகு காளைக்குக் கடும் காய்ச்சல் வந்திருந்தால் அந்தச் சீட்டுக்கு மதிப்பில்லை, இரண்டு மாதம் பொறுத்து மறுபடி எடுக்க வேண்டும். விற்பதற்கென்று காளைக்குக் கண்டபடி தானியம் கொடுத்துக் கொழுக்க வைப்பதும் தவறு. விதைப்பையின் கழுத்தில் கொழுப்பு ஏறினால் அது உடலை விடக் குளிர்ச்சியாக இருக்க முடியாமல் விந்து கெடும், குளம்பும் வீங்கும். படத்தில் பளபளப்பாகத் தெரியும், கொண்டுபோன இடத்தில் மூன்றே மாதத்தில் வற்றிப் போகும்.

காளையைத் தினமும் பக்கத்து மாடுகளுக்கு விட்டுக் கூலி வாங்கிக்கொண்டே "புதுக் காளை" என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். பொலிதலில் பரவும் டிரைகோமோனியாசிஸ் போன்ற நோய்களைக் காளை வெளியே காட்டவே காட்டாது. எங்கெல்லாம் விட்டீர்களோ சொல்லிவிடுங்கள்.

படமும் விளம்பரமும்

படம் எடுப்பதில் எல்லோரும் செய்யும் ஒரே தவறு, நின்றபடி மேலிருந்து எடுப்பது. மாடு குட்டையாக, கால் சூம்பித் தெரியும். குனிந்து, கேமரா மாட்டின் நடு உடம்பு உயரத்தில் இருக்கும்படி, சரியாகப் பக்கவாட்டில் இருந்து எடுங்கள். சமமான தரை, காலை அல்லது மாலை வெயில், குளம்பு புல்லில் புதையாமல் தெரிய வேண்டும். அப்புறம் பின்பக்கம் ஒன்று, கறவையாக இருந்தால் மடி மட்டும் ஒன்று. கூடவே அரை நிமிட வீடியோ, மாடு நடந்து போவதும் வருவதும். கால் குறை எதுவும் படத்தில் மறையும், நடையில் மறையாது. தாயின் படத்தையும் போடுங்கள். என் அனுபவத்தில் காளை வாங்க வருபவர்கள் காளையைவிட அதன் தாயைத்தான் அதிக நேரம் பார்க்கிறார்கள், சரியாகத்தான் பார்க்கிறார்கள்.

வாசகத்தில் "அருமையான", "தரமான" எல்லாம் தேவையில்லை. இனம், வயது, எடை, தாய் தகப்பன், சினை என்றால் எத்தனை மாதம், எந்தக் காளைக்கு, என்னென்ன சோதனை, விலை. விலையைப் போடாமல் "தொடர்புகொள்ளவும்" என்று எழுதினால் போன் நிறைய வரும், வாங்குபவர் வர மாட்டார். குறை இருந்தால் அதையும் ஒரு வரியில் போடுங்கள். "ஒரு காம்பு வற்றியது" என்று போட்டதற்காக வராமல் போனவர் எப்படியும் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருப்பார், இரண்டு பேருக்கும் ஒரு நாள் மிச்சம்.

இணையம் ஒரு பக்கம் இருக்கட்டும், சினை ஊசி போட வருபவரையும் மருத்துவரையும் விட்டுவிடாதீர்கள். யார் வீட்டில் காளை கிழடாகிவிட்டது, யார் மாடு சேர்க்கப் பார்க்கிறார் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். இனச் சங்கம் இருந்தால் பதிவு செய்துகொள்ளுங்கள், பதிவுச் சான்று மாட்டை நல்லதாக்காது, ஆனால் தாய் தகப்பன் யார் என்று சொன்னதற்கு இன்னொருவர் சாட்சி கிடைக்கிறது. மரபணுச் சோதனையில் தகப்பனை உறுதி செய்ய முடியும், இரண்டு காளை ஒன்றாக மேய்கிற இடத்தில் அது இல்லாமல் தகப்பன் பெயரைச் சொல்லாதீர்கள். கொம்பில்லாத காளை என்றால் அதன் இரண்டு மரபணுவும் கொம்பில்லாததா, ஒன்று மட்டுமா என்பதும் தெரிந்துவிடும். இரண்டும் என்றால் பிறக்கும் கன்று ஏறக்குறைய எல்லாமே கொம்பில்லாமல் பிறக்கும், ஒன்று என்றால் கொம்புள்ள மாடுகளில் சுமார் பாதிதான். இந்த வித்தியாசத்துக்கு விலை உண்டு.

விலை

அடியில் கறிவிலை, அது தரை. அதற்கு மேல் அதே வயது சாதாரண மாடு என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள். அதற்கும் மேல் நீங்கள் கேட்கும் ஒவ்வொரு பகுதிக்கும் காட்ட ஏதாவது இருக்க வேண்டும், சோதனைச் சீட்டு, பால் கணக்கு, வளர்ந்த எடை, உறுதியான சினை என்று ஏதாவது. வளர்த்த செலவைச் சொல்லி விலை கேட்பது எடுபடாது, உங்கள் செலவு அவருக்கு எதற்கு? அவர் பக்கத்துக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். சாதாரணக் காளைக்கும் உங்கள் காளைக்கும் உள்ள விலை வித்தியாசத்தை அது கொடுக்கப்போகும் நூறு கன்றால் வகுத்தால் கன்றுக்கு எவ்வளவு வருகிறது? கடைசியில் காளையை விற்றால் கறிவிலையும் திரும்பி வரும். இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டினால் பேரம் வேறு மாதிரி நடக்கும்.

காளை விற்க வேண்டுமானால் மாடுகள் பருவத்துக்கு வரும் காலத்துக்கு இரண்டு மாதம் முன்பே விளம்பரம் போடுங்கள். புது இடம், புதுத் தீவனம் எல்லாம் பழக அதற்கு நேரம் வேண்டும். கடைசி வாரத்தில் அவசரத்துக்கு வாங்குபவர் விலை கூடக் கொடுப்பார், ஆனால் புகாரும் அவரிடமிருந்துதான் வரும்.

பார்க்க வரும் நாள்

மாட்டைக் குளிப்பாட்டி எண்ணெய் தடவி நிறுத்த வேண்டாம், சுத்தமாக இருந்தால் போதும். கொட்டிலையும் மற்ற மாடுகளையும் காட்டுங்கள். பல்லைப் பார்க்க விடுங்கள், நிலைப்பல் இரண்டு முளைத்திருந்தால் ஏறக்குறைய இரண்டு வயது, நீங்கள் சொன்ன தேதியோடு ஒத்துப்போகிறதா என்று அவர் பார்த்துக்கொள்ளட்டும். அவருடைய மருத்துவரைக் கூட்டி வருவதாகச் சொன்னால் சந்தோஷமாகச் சரி என்று சொல்லுங்கள். வேறு பண்ணையிலிருந்து நேராக வருபவராக இருந்தால் செருப்பைக் கழுவச் சொல்வதில் கூச்சப்படாதீர்கள்.

நீங்களும் கேளுங்கள். எத்தனை மாடு இருக்கிறது? ஒரு வயதுக் காளைக்கு முதல் பருவத்தில் அதன் மாத வயது எத்தனையோ அத்தனை மாட்டுக்கு மேல் விடக் கூடாது, முழு வளர்ச்சி அடைந்த காளை என்றால் 25, 30 தாங்கும். நாற்பது மாட்டுக்குப் பதினைந்து மாதக் காளையைக் கேட்பவரிடம் இது போதாது என்று சொல்லிவிடுங்கள். அவரிடம் இருப்பவை கிடாரிகளா என்று கேளுங்கள், அப்படியென்றால் பெரிய கன்று கொடுக்கும் காளையைத் தராதீர்கள். முன்பு உங்களிடம் கிடாரி வாங்கியவர் இப்போது காளை கேட்டால் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். தகப்பனை மகளோடு சேர்த்தால் கன்றில் உள்ளினக் கலப்பு, அதாவது நெருங்கிய ரத்த உறவின் அளவு, 25 சதவீதம், ஒரே தகப்பனுக்கு வேறு வேறு தாயிடம் பிறந்தவற்றைச் சேர்த்தால் 12.5. வியாபாரம் போனாலும் பரவாயில்லை, வேண்டாம் என்று சொல்லுங்கள்.

காகிதம், பணம், வண்டி

வாய்ப்பேச்சு நல்லவர்களுக்கு இடையிலேயே சண்டை மூட்டும். ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: காது வில்லை எண், விலை, முன்பணம், எத்தனை நாளுக்குள் மீதி, அதுவரை தீவனச் செலவு யாருடையது, அந்த நாட்களில் மாட்டுக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு. உத்தரவாதத்தையும் எழுதுங்கள். காளை என்றால், இத்தனை நாளுக்குள் மருத்துவப் பரிசோதனையில் தேறாவிட்டால் மாற்றுக் காளை, அல்லது கறிவிலை போக மீதிப் பணம், அங்கே போய்க் காயம்பட்டதற்குப் பொறுப்பில்லை. சினைக் கிடாரி என்றால் பரிசோதித்த தேதி, ஊசி போட்ட தேதியிலிருந்து 283 நாள் கூட்டிய உத்தேச ஈற்றுத் தேதி. ஸ்கேனில் 30 நாளில் சினை தெரியும் என்றாலும் அவ்வளவு சீக்கிரத்தில் கலைவதும் உண்டு, விற்கும் வாரத்தில் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.

பார்க்காமலேயே வாங்குகிறேன், விலையைவிடக் கூடுதலாக அனுப்புகிறேன், மீதியை வண்டிக்காரருக்கு நீங்களே கொடுத்துவிடுங்கள் என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள், அது மோசடி. பணம் கணக்கில் வந்து உறுதியாகும் வரை மாடு கொட்டிலை விட்டு நகரக் கூடாது.

சினையின் கடைசி மாதத்தில் மாட்டை வண்டி ஏற்றாதீர்கள், சில நாடுகளில் அதற்குச் சட்டத் தடையே இருக்கிறது. மாட்டோடு ஒரு மூட்டை அதன் பழைய தீவனத்தையும் அனுப்புங்கள், ஒரு வாரம் பத்து நாளில் மெல்ல மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். போன இடத்தில் மூன்று, நான்கு வாரம் தனியாகக் கட்டி வைக்கச் சொல்லுங்கள். உங்கள் மாடு சுத்தமாக இருந்தாலும் வண்டியில் முன்பு என்ன ஏற்றினார்கள் என்று யாருக்குத் தெரியும்.

ஒரு வாரம் கழித்து ஒரு போன் போட்டு, சாப்பிடுகிறதா என்று மட்டும் கேளுங்கள். ஈற்றுத் தேதிக்குப் பத்து நாள் முன்பு இன்னொன்று. கன்று பிறந்ததும் படம் அனுப்பச் சொல்லுங்கள், என்ன எடை, சுலபமாக ஈன்றதா என்று கேட்டு, காளையின் பக்கத்தில் கீழே எழுதிக்கொள்ளுங்கள். அதன் தம்பியை விற்கும்போது திறந்து காட்ட வேண்டிய பக்கம் அது.